ராஜி முதலில் எங்கே சென்றாள்?

வைட்ஃபீல்டில் நம்முடன் பயிலும் மாணவன் ஒருவனுக்கு, சிங்கப்பூரிலிருந்து வந்த அவன் தாய்மாமன் காணொளி விளையாட்டு அட்டை ஒன்றைப் பரிசளித்தார். வீட்டில் இருந்ததோ வேறொரு நிறுவனத்தின் கருவி. அட்டையைச் செருக அதில் இடமே இல்லை. அப்பரிசு இன்றும் அலமாரியில்தான் இருக்கிறது.

விளையாடுவதற்கென்றே அமைந்த தனிக்கருவியைக் 'கன்சோல்' என்பர். சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோவின் சுவிட்ச் ஆகியன பெயர்பெற்றவை. ஒன்றிற்காக எழுதிய நிரல் மற்றொன்றில் அப்படியே இயங்காது. அதை மாற்றியமைக்கப் பணமும் காலமும் வேண்டும். ஆகவே, சிறு நிறுவனம் முதலில் எக்கருவியைத் தேர்ந்தெடுக்கிறதோ, அதனை வைத்திருப்போரே அதன் முதல் வாடிக்கையாளர் ஆவர்.

புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 'ராஜி' என்னும் விளையாட்டை உருவாக்கியது. அசுரனிடமிருந்து தம்பி கோலுவை மீட்கப் புறப்படும் சிறுமியின் கதை அது. துர்க்கையும் திருமாலும் கதை சொல்ல, இராசத்தான் கோட்டைகளின் சாயலும் நிழற்பாவைக் காட்சிகளும் அதில் விரிகின்றன. 2017இல் இணையவழியே பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்றபோது இலக்கை எட்ட இயலவில்லை. ஆயினும் பணி நிற்கவில்லை. 2020 ஆகஸ்டு 18 அன்று விளையாட்டு வெளிவந்தது. ஆனால், சுவிட்ச் கருவிக்கு மட்டும்!

அப்போது நிண்டெண்டோ அக்கருவியை இந்தியாவில் முறைப்படி விற்கவில்லை. இறக்குமதி செய்வோரிடம் வாங்கியவர் சிலரே. கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பதிப்புகள் அக்டோபரில் வரும்வரை, நம் நாட்டுக் கதைக்காக நம் பிள்ளைகளுள் பலர் காத்திருக்க நேர்ந்தது.

இதைப் பிழையான தேர்வு என்று நான் கூறமாட்டேன். வெளியான அன்றே, சிறு நிறுவனங்களின் படைப்புகளுக்கென நிண்டெண்டோ நடத்திய அறிமுகக் காட்சியில் ராஜி இடம்பெற்றாள். ஆயிரம் பொருள்களுக்கிடையே கிடக்கவேண்டிய ஒன்றைக் கடைக்காரரே எடுத்துக் காட்டியது போன்றது இது. எனினும், இந்திய வீடுகளை எண்ணிச் செய்த தேர்வு வேறு வகையானது. 2009இல் ஐதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கிய அனுமன் விளையாட்டு, பிளேஸ்டேஷன் 3 விற்பனையில் இருந்தபோதும், பிளேஸ்டேஷன் 2 கருவிக்கே வந்தது. விலை குறைந்த அப்பழைய கருவியே இங்குப் பலரிடம் இருந்தது.

இனி நம் மொழிக்கு வருவோம். 'வெண்பா' என்றதும் யாப்பிலக்கணத்தை எண்ணி அஞ்ச வேண்டா! கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய் ஒருத்தியின் பெயர் அது. சிதைந்த சமையற்குறிப்பேட்டைக் கொண்டு இட்லியும் புட்டும் சமைப்பதே விளையாட்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023 சூலை 31 அன்று இதனைச் சுவிட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி ஆகிய அனைத்திற்கும் ஒருசேர வெளியிட்டது. எக்ஸ்பாக்ஸின் 'கேம் பாஸ்' சந்தாதாரர்கள் தனி விலையின்றியே விளையாடினர். அவர்களுள் எத்தனைபேர் விலை கொடுத்து வாங்கியிருப்பர், எத்தனைபேர் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள்?

அருஞ்சொற்பொருள்
நிரல் – கணினிக்கான கட்டளைத் தொகுதி
நிழற்பாவை – திரையில் நிழல் விழ ஆட்டும் பாவை

சிந்தித்து எழுதுக
1. ராஜி முதலில் சுவிட்ச் கருவியில் வெளியானதால் விளைந்த நன்மை யாது? இழப்பு யாது?
2. உன் பாட்டியின் சமையலை விளையாட்டாக்கினால், முதலில் எக்கருவியில் வெளியிடுவாய்? யாருக்காக? ஐந்து தொடர்களில் எழுதுக.