வீடியோ காலில் குரல் உடைகிறதா? லைனை மாற்றும் முன்

கோவையில் ஓர் அலுவலகம். அறுபது பேர் வேலைபார்க்கிறார்கள்; திருப்பூரில் சின்னக் கிளை ஒன்றும் உண்டு. திங்கட்கிழமைக் கூட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் "சார், உங்க குரல் விட்டு விட்டு வருது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். 50 எம்பிபிஎஸ் லைனை 100 ஆக்கிப் பார்த்தார்கள். மாதக் கட்டணம் கூடியது, குரல் தேறவில்லை. நான் போய்ப் பார்த்தபோது லைனில் குறை எதுவும் தெரியவில்லை. ஃபயர்வாலில் இருந்த ஒரு தடையும், காலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பேக்கப்பும்தான் காரணம். அங்கே செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்குப் போடுங்கள். குழுக் கூட்டத்தில் 720பி தெளிவுக்கு ஒருவருக்கு 2.6 எம்பிபிஎஸ் அப்லோடு, 1.8 டவுன்லோடு வேண்டும் என்கிறது ஜூம். அதற்கு ஒரு படி குறைந்த தெளிவுக்கு 1 எம்பிபிஎஸ் அப்லோடு போதும். குரலுக்கு மட்டும் என்றால் 60 முதல் 80 கேபிபிஎஸ். இருபது பேர் ஒரே நேரத்தில் காலில் இருந்தால், 720பியில் அப்லோடு மட்டுமே 52 எம்பிபிஎஸ். தெளிவைக் குறைத்தால் 20. ஆனால் அந்த இருபது பேரின் குரலும் சேர்ந்து 1.6 எம்பிபிஎஸ்தான். முகம் கொஞ்சம் மங்கினால் யாரும் கூட்டத்தை நிறுத்துவதில்லை, வார்த்தை விழுந்தால்தான் நிறுத்துகிறார்கள். நாம் காப்பாற்ற வேண்டியது அந்த 1.6 எம்பிபிஎஸ்.

அடுத்து அளவெடுங்கள். வைஃபை வேண்டாம், கேபிளில் இணைத்த கணினியில், வேலை நேரத்திலேயே பாருங்கள். ஒரு பக்கம் வெளியே உள்ள ஒரு சர்வருக்குத் தொடர்ந்து பிங் ஓடட்டும். இன்னொரு பக்கம் பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்யுங்கள். 20 மில்லிசெகண்டில் இருந்த பிங் 300, 400 என்று ஏறினால், பாக்கெட்டுகள் ரூட்டரில் வரிசை கட்டி நிற்கின்றன என்று பொருள். 20 எம்பிபிஎஸ் அப்லோடு உள்ள லைனில் 2.5 எம்பி அளவுக்கு வரிசை சேர்ந்தால், கடைசியில் நிற்கும் குரல் பாக்கெட் ஒரு முழு விநாடி காத்திருக்கும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

இனி ஃபயர்வால். பெரும்பாலான இடங்களில் சிக்கல் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. வீடியோ கால்கள் யூடிபியில் போக விரும்புபவை. அதில் தொலைந்த பாக்கெட் தொலைந்ததுதான், அடுத்தது தாமதமில்லாமல் வந்துவிடும். யூடிபி அடைபட்டிருந்தால் செயலி சத்தமில்லாமல் டிசிபி 443க்கு மாறிக்கொள்ளும். கால் இணைந்துவிடுவதால் ஃபயர்வால் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வந்துசேரும்வரை பின்னால் உள்ளவை எல்லாம் நிற்கும். அந்த நிற்றல்தான் காதில் விட்டு விட்டு விழுகிறது.

திறக்க வேண்டிய யூடிபி போர்ட்டுகள்: டீம்ஸுக்கு 3478 முதல் 3481 வரை, ஜூமுக்கு 3478, 3479, 8801 முதல் 8810 வரை, கூகுள் மீட்டுக்கு 3478, 19302 முதல் 19309 வரை. டிசிபி 443 எல்லாவற்றுக்கும் வேண்டும். உள்ளிருந்து வெளியே போக மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். பதில் பாக்கெட்டை ஃபயர்வால் தானே அடையாளம் கண்டு உள்ளே விடும். வெளியிலிருந்து உள்ளே வர எந்தப் போர்ட்டையும் திறக்காதீர்கள், யார் கேட்டாலும். அந்தந்த நிறுவனம் வெளியிடும் ஐபி பட்டியலுக்கு மட்டும் விதியை எழுதினால் பாதுகாப்பு அதிகாரியும் நிம்மதியாக இருப்பார்.

அந்தப் போக்குவரத்துக்கு எஸ்எஸ்எல் சோதனையிலிருந்தும் விலக்கு கொடுங்கள். குரலும் படமும் ஏற்கெனவே பூட்டப்பட்டுத்தான் வருகின்றன. பிரித்துப் பார்க்க முயன்றால் தாமதம்தான் மிஞ்சும். யூடிபி வெள்ளத் தடுப்பு இருந்தால் அதன் வரம்பையும் ஒருமுறை பாருங்கள். இருபது பேர் பேசும் காலை அது தாக்குதல் என்று நினைத்துவிடும்.

கிளை அலுவலகத்தின் கால்களைத் தலைமை அலுவலக விபிஎன் வழியாகச் சுற்றிவிடாதீர்கள். திருப்பூரிலிருந்து கோவைக்கு வந்து கோவையிலிருந்து வெளியே போனால், ஒரே கால் கோவை லைனில் இரண்டு முறை இடம் பிடிக்கும். காலைக் கிளையின் சொந்த லைனிலேயே வெளியே விட்டு, அலுவலக மென்பொருளை மட்டும் விபிஎன்னில் வையுங்கள்.

பிறகு முன்னுரிமை. ஃபயர்வாலில் அப்லோடு வரம்பை உண்மையான லைன் வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் பெட்டியில் சேரும், யார் முன்னால் போவது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஃப்கியூ கோடெல் அல்லது கேக் வசதி இருந்தால் தயங்காமல் போடுங்கள். இல்லையென்றால் குரலுக்கு டிஎஸ்சிபி 46, வீடியோவுக்கு 34, திரைப் பகிர்வுக்கு 18 என்று குறியிட்டு, குரலை முதல் வரிசையில் விடுங்கள். இந்தக் குறி உங்கள் ஸ்விட்ச், ஃபயர்வால் வரைதான் செல்லுபடியாகும்; இன்டர்நெட்டில் அதை யாரும் மதிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மிச்சம் சின்ன வேலைகள். பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் எட்டு லேப்டாப்பில் ஒரே கூட்டத்தில் சேர வேண்டாம், ஒரு கேமரா போதும். குழுக் கூட்டத்துக்கான எச்டியை நிர்வாகப் பக்கத்திலேயே அணைத்துவிடுங்கள். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கால் நடக்கும்போதே செயலியின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து, யூடிபியில்தான் போகிறதா, பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள் இருக்கிறதா, ஜிட்டர், அதாவது பாக்கெட் வந்துசேரும் நேரத்தின் ஏற்றஇறக்கம், 30 மில்லிசெகண்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இழப்பு குறையவில்லை என்றால் அப்போது லைன்காரரைக் கூப்பிடுங்கள். இரண்டு நாள் எடுத்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "ஸ்பீடு டெஸ்ட் சரியா வருதே சார்" என்று சொல்லி உங்களை அனுப்பிவிட முடியாது.