88 கீயையும் தொட்டுப் பாருங்கள்

பழைய டிஜிட்டல் பியானோவைத் தேடத் தொடங்கும் முன் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: பிள்ளை கற்கப்போவது பியானோவா, எலெக்ட்ரானிக் கீபோர்டா? நம் ஊரில் இரண்டையும் "கீபோர்டு கிளாஸ்" என்றே சொல்லிவிடுகிறோம். டிரினிட்டி தேர்வில் இரண்டுக்கும் பாடத்திட்டம் வேறு வேறு. கீபோர்டு தேர்வுக்கு இடக்கையில் கார்டு பிடித்தால் ரிதமும் பக்க இசையும் தானாக ஓட வேண்டும். வெயிட்டட் கீ உள்ள பெரும்பாலான எளிய டிஜிட்டல் பியானோக்களில் அந்த வசதி இருக்காது. ஆசிரியர் "பியானோ" என்று உறுதியாகச் சொன்னால் மட்டும் மேலே படியுங்கள்.

பியானோவில் ஒரு கீயை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிப் போய்க் கம்பியை அடிக்கிறது. எவ்வளவு வேகமாக அடிக்கிறதோ அவ்வளவு சத்தம். விரல் அந்தச் சுத்தியலின் கனத்தை உணர்ந்து, அதைத் தள்ளக் கற்றுக்கொள்வதுதான் ஆரம்பப் பயிற்சியில் பாதி. வெயிட்டட் கீ உள்ள கருவியில் கம்பி கிடையாது. ஆனால் ஒவ்வொரு கீயோடும் எடை வைத்த சிறு சுத்தியல் ஒன்று அசையும். இடப்பக்கத்துக் கீகள் சற்றுக் கனமாகவும் வலப்பக்கத்தவை லேசாகவும் இருக்கும். சாதாரணக் கீபோர்டில் ஸ்பிரிங் மட்டும்தான். அதிலேயே இரண்டு வருடம் பழகிய பிள்ளை தேர்வு அறையில் நிஜப் பியானோ முன்னால் உட்காரும்போது மெதுவாக வாசிக்க வேண்டிய இடங்களில் பாதி ஸ்வரம் எழும்பவே எழும்பாது. பிள்ளையிடம் திறமை இருந்தும் விரலுக்குப் பழக்கம் இல்லாமல் போவது வருத்தமான விஷயம். அதனால் எத்தனை டோன், எத்தனை ரிதம் என்ற கணக்கை ஒதுக்கிவிட்டுக் கீயை மட்டும் பார்த்து வாங்குங்கள். பெடல், ஸ்டாண்ட், ஹெட்போன் எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கீயை மாற்ற முடியாது.

விளம்பரங்களைச் சலிப்பது அடுத்த வேலை. "டச் சென்சிட்டிவ்" என்று போட்டிருந்தால் அது வெயிட்டட் அல்ல; அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் என்பது மட்டுமே பொருள். "செமி வெயிட்டட்" என்பதும் நமக்கு வேண்டியது அல்ல. "ஹேமர் ஆக்ஷன்", "ஃபுல்லி வெயிட்டட்" என்று இருக்க வேண்டும். கீகள் 88 இருக்க வேண்டும். கருவியின் எடை நல்ல துப்பு. யமஹா பி-45 பதினொன்றரை கிலோ, ரோலண்ட் எஃப்பி-10 பன்னிரண்டு கிலோவுக்கு மேல். பார்க்கப் பியானோ போலவே இருக்கும் யமஹா என்பி-32, 76 கீயோடு ஆறு கிலோவுக்குள்தான். அதில் சுத்தியல் கிடையாது. பத்து கிலோவுக்குக் குறைந்த எதையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

தேடுவதற்குச் சில பெயர்கள்: யமஹா பி-45, பி-115, பி-125, கேசியோ சிடிபி-எஸ்100, பிஎக்ஸ்-160, ரோலண்ட் எஃப்பி-10, எஃப்பி-30, கோர்க் பி1, பி2, கவாய் இஎஸ்110. என் விரலுக்கு ரோலண்டின் தொடுகை நிஜப் பியானோவுக்கு மிக அருகில் இருக்கிறது. பி-45இல் பத்து டோன்தான் என்று தயங்க வேண்டாம். முதல் சில கிரேடுகளுக்கு நல்ல பியானோ டோன் ஒன்று போதும்.

விற்பவரிடம் போனில் பேசும்போது மாடல் எண்ணை வாயால் கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கருவிகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. அமெரிக்காவில் வாங்கியதென்றால் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். 100–240 என்று இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் அதே வோல்ட், போதுமான ஆம்பியர், அதே போலாரிட்டி கொண்ட அடாப்டர் வேறு வாங்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள். யார் வாசித்தார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கிரேடோடு நிறுத்திவிட்ட பிள்ளையின் கருவி கிடைத்தால் அதிர்ஷ்டம். மெல்லிசைக் குழுவோடு ஊர் ஊராகப் போய்வந்தது என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

நேரில் போகும்போது பகலில் போங்கள். பிள்ளையை அழைத்துக்கொள்ளுங்கள், ஹெட்போன், யுஎஸ்பி கேபிள், பத்து ரூபாய் நாணயம் ஏழெட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சைப் போடும் முன் கருவியின் ஒரு முனையில் குனிந்து, கண்ணைக் கீகளின் மட்டத்துக்குக் கொண்டுவந்து நீளவாக்கில் பாருங்கள். எந்த வெள்ளைக் கீயாவது தாழ்ந்தோ உயர்ந்தோ நின்றால் உள்ளே ஃபெல்ட் நைந்திருக்கிறது அல்லது ஏதோ உடைந்திருக்கிறது. மின்சாரம் இல்லாமலே ஒவ்வொரு கீயையும் அழுத்தி விடுங்கள். மெத்தென்ற சத்தம் சகஜம். ஒன்றிரண்டு மட்டும் டக் டக்கென்று தட்டினால் குறித்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் குடியிருந்தால் அந்தச் சத்தம் ஹெட்போன் போட்டாலும் தரை வழியே கீழ் வீட்டுக்குப் போகும்.

நாணயம் எதற்கு? பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். நடுப்பகுதியில் ஒரு வெள்ளைக் கீயின் முன் விளிம்பில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் கீ தானாகக் கீழே இறங்கும். அதே அடுக்கைப் பக்கத்துக் கீகளிலும் வைத்துப் பாருங்கள். கருவிக்குக் கருவி எண்ணிக்கை மாறும், அது பெரிதல்ல. அடுத்தடுத்த கீகளுக்குள் பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது.

இனி ஸ்விட்சைப் போடலாம். தொடுகை அமைப்பு "ஃபிக்ஸ்ட்" என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம் வரும், குறைகள் மறைந்துவிடும். "மீடியம்" வையுங்கள். பிறகு இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை, கறுப்பு வெள்ளை ஒன்றும் விடாமல், முடிந்தவரை மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். திரும்பி வரும்போது ஓங்கி அழுத்துங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. இதற்கு மாற்றான சோதனை வேறில்லை. ஒவ்வொரு கீயின் அடியிலும் ரப்பர் குமிழில் குறைந்தது இரண்டு தொடுமுனைகள் இருக்கின்றன. முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையே ஆன நேரத்தை வைத்துத்தான் கருவி விரலின் வேகத்தைக் கணக்கிடுகிறது. தூசியோ கடற்காற்றின் ஈரமோ அதில் படிந்தால் மெதுவாகத் தொட்டாலும் அந்த ஒரு கீ அலறும், அல்லது ஊமையாக இருக்கும். காதில் சந்தேகம் வந்தால் யுஎஸ்பி வழியே போனிலோ மடிக்கணினியிலோ இணைத்து, மிடி எண்களைக் காட்டும் செயலியைத் திறந்து பாருங்கள். வேகம் 1 முதல் 127 வரை எண்ணாக வரும்; மென்மையாக அழுத்தியும் ஒரு கீ மட்டும் 127 காட்டினால் பிரச்சினை அங்கேதான்.

இந்தத் தொடுமுனைக் கோளாறுக்காக மட்டும் ஒரு கருவியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. மெக்கானிக் பிரித்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். ரப்பர் பட்டை தனியாகவும் கிடைக்கும். அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். அழுத்திய கீ மேலே வராமல் நிற்பது, தொய்ந்து கிடப்பது, பக்கவாட்டில் ஆடுவது ஆகியவை வேறு வகை. சுத்தியலோ அதன் இருப்போ உடைந்திருக்கும். நிறுத்தப்பட்ட மாடல் என்றால் உதிரி பாகம் தேடி அலைய வேண்டும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மீதி எல்லாம் சுருக்கமாகப் பார்த்துவிடக் கூடியவை. ஹெட்போனைச் செருகி லேசாகத் திருப்புங்கள், கரகரக்கக் கூடாது. எடுத்ததும் ஸ்பீக்கர் திரும்பி ஒலிக்க வேண்டும். வால்யூமை ஏற்றி இறக்குங்கள். பெடலை மிதித்தால் ஒலி நீள வேண்டும், விட்டதும் அடங்க வேண்டும். தலைகீழாக வேலை செய்தால் வேறு கம்பெனி பெடலாக இருக்கலாம். எடுத்துவிட்டுக் கருவியை மட்டும் சோதியுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, அந்த நேரத்தில் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

விலைக்கு நான் வைத்திருக்கும் அளவு: அதே வரிசையின் இன்றைய மாடல் புதிதாக என்ன விலை என்று கடையில் கேளுங்கள். பழையதற்கு அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கேட்டால், வாரண்டியோடு புதிதையே வாங்குவது மேல். பத்துப் பதினைந்து வருடம் கடந்த கருவிக்குப் பாதிகூட அதிகம்.

கொண்டுவரும்போது நீளம் நினைவிருக்கட்டும். பி-45 ஒன்றேகால் மீட்டருக்கு மேல். ஆட்டோவில் வெளியே நீட்டிக்கொண்டு வராதீர்கள். காரின் இருக்கையை மடக்கி, போர்வையில் சுற்றி, கீகள் மேலே பார்க்கும்படி படுக்க வையுங்கள். வீட்டில் ஜன்னலோரமும் சமையலறைச் சுவரும் வேண்டாம். வாசித்து முடித்ததும் துணியால் மூடுங்கள், கரப்பான் பூச்சிக்கு உள்ளே கதகதப்பான இடம் இருக்கிறது. எக்ஸ் வடிவ ஸ்டாண்ட் ஆடினால் நான்கு கால் ஸ்டாண்டோ உறுதியான மேசையோ பாருங்கள். வெள்ளைக் கீயின் மேல்பரப்பு தரையிலிருந்து 72 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் போதும். மிச்ச உயரத்தை ஸ்டூலில் சரிசெய்து, முழங்கை கீ மட்டத்துக்கு வரும்படி உட்கார வையுங்கள். சிறு பிள்ளையின் கால் தரையில் எட்டாவிட்டால் பாதத்துக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள்.