என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?

தங்கச்சிங்களா, அவலூர்பேட்டையில ரெண்டு படி மல்லாட்டையோட பஸ்ஸுக்கு நிக்கிறேன், போன் அடிக்குது. லோன் வேணுமான்னு ஒரு பொண்ணு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு, அதுவும் எங்கப்பா இனிஷியலோட. அங்கதான் மாட்டிக்கிச்சு. கல்யாணமானதுல இருந்து எனக்கு வீட்டுக்காரர் இனிஷியல்தான். அப்பா இனிஷியலை நான் வேணும்னே எழுதினது ஒரே இடத்துல, ஆடித் தள்ளுபடி ஜவுளிக்கடைக் குலுக்கல் கூப்பன்ல. கடைக்காரரே கொடுத்தாரா, கூப்பனைக் கம்ப்யூட்டர்ல ஏத்தின ஆள் கொடுத்தாரா தெரியாது. ஆனா போன வழி அதுதான்.

நீங்களும் செய்யுங்க. கூப்பன், கண்காட்சி, இலவச சுகர் டெஸ்ட் முகாம்னு நம்பர் கேட்கிற ஒவ்வொரு இடத்துலயும் பேரை ஒவ்வொரு மாதிரி எழுதுங்க. எங்க எப்படி எழுதினீங்கன்னு பால் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல குறிச்சு வைங்க. பேங்க், ரேஷன், ஆதார் பக்கம் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்!

பில் போட நம்பர் கேட்டா, "வேணாம்பா, பேப்பர் பில் கொடு" போதும். நம்பர் கொடுத்தாத்தான் பில்லுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாசமே கடைகளுக்குச் சொல்லிடுச்சு.

போன் பண்ற பொண்ணைத் திட்டாதீங்க, அது சம்பளத்துக்குப் பேசுது. "நம்பர் எங்க கிடைச்சது?"ன்னு கேட்டா "சிஸ்டத்துல வந்துச்சு மேடம்"னுதான் சொல்லும். கம்பெனி பேரு, கூப்பிட்ட நம்பர், தேதி மூணையும் குறிச்சுக்கிட்டு ஏழு நாளுக்குள்ள 1909-ல புகார் கொடுங்க. விளம்பர போனே வேண்டாம்னு பதிவு பண்றதும் அதே 1909-லதான்.

சட்டமும் வந்திருக்கு. 2023-ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2025 நவம்பர்ல அதுக்கு விதிகள். என்னைப் பத்தி என்ன வச்சிருக்கீங்க, யார் யாருக்குக் கொடுத்தீங்கன்னு கேட்கிற உரிமை 2027 மே மாசம் நடைமுறைக்கு வரணும். ஆனா, வேற ஆள்கிட்ட வாங்கின விவரம்னா எங்க வாங்கினோம்னு கம்பெனியே சொல்லணும்ங்கிறது ஐரோப்பாவுல 2018-ல இருந்தே சட்டம். நம்ம சட்டத்துல அது அவ்வளவு பளிச்சுனு இல்லை. எனக்கு அது குறைதான்.

குலுக்கல்ல எனக்கு ஒரு டம்ளர்கூட விழலை. அடுத்த ஆடிக்குக் கூப்பனைப் பெட்டியில போடுறதுக்கு முன்னாடி, பக்கத்துல நிக்கிற பையன்கிட்ட "இதை அப்புறம் யாருப்பா வச்சிருப்பாங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.