முறிஞ்ச போல்ட்: அடுத்த பத்து நிமிசம்



இந்தக் கிழமை பொட்காஸ்டில வீட்டில வைச்சுக் கார் திருத்திறதைப் பற்றிக் கதைச்சம். நேரம் காணாமல் ஒரு விசயத்தை மடலுக்குத் தள்ளி வைச்சம்: போல்ட் முறிஞ்சால் என்ன செய்யிறது? ஒருவகையில இது நல்லதுதான். கை முழுக்கக் கிறீஸோட நிக்கேக்க கேக்கிறதை விட வாசிக்கிறது சுகம்.

முதல்ல, அது ஏன் முறியுது? போல்ட் எண்டது உண்மையில ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது மிகச் சிறிதளவு நீளுகிறது. திரும்பச் சுருங்கப் பாக்கிற அந்த இழுவைதான் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிச்சிருக்கு. ஆனால் ஸ்பனரில நீங்கள் குடுக்கிற முறுக்கில ஏறத்தாழ பத்தில ஒரு பங்குதான் அந்த இழுவையாக மாறும். மிச்சமெல்லாம் தலைக்குக் கீழையும் புரியிலயும் உரசலுக்கே போய்விடும். இது புத்தம் புது போல்ட்டின்ர கணக்கு.

இப்ப அதே போல்ட்டை லோறென்ஸ்கூக்கில பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் ஓடவிடுங்கோ. எங்கட பக்கத்துக் குளிர் பூச்சியத்துக்கு மேலையும் கீழையும் ஏறி இறங்கிற குளிர். அதனால ஈ6 இலயும் ஸ்ரோம்ஸ்வையனிலயும் உப்புப் போட்டுக்கொண்டே இருப்பாங்கள். உப்புத் தண்ணி புரிக்குள்ள இறங்கி இரும்பைக் கறளாக்கும். கறள், தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல இடம் பிடிக்கும். புரிக்குள்ள அந்த இடம் இல்லை. ஆகவே அது ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிப் போகும். பாகம் அலுமினியமாக இருந்தால் இன்னும் மோசம். உப்புத் தண்ணிக்குள்ள இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் ஒரு சின்ன பற்றறி மாதிரி வேலை செய்து, அலுமினியம் வெள்ளைத் தூளாகி அடைச்சுக்கொள்ளும்.

அடுத்தது எங்கட கைப்பலம். தலையில 8.8 எண்டு பொறிச்ச எட்டு மில்லிமீற்றர் போல்ட், அதாவது எம்8, நேராக இழுத்தால் ஏறத்தாழ மூன்று தொன் தாங்கும். ஆனால் அதை இறுக்கிறது 25 நியூட்டன்மீற்றர் அளவில மட்டும்தான். அரை மீற்றர் நீளக் கம்பியில 20 கிலோ பாரம் குடுத்தால் அது கிட்டத்தட்ட 100. ஜிம்முக்குப் போற தம்பிமாருக்கு 20 கிலோ ஒரு பாரமே இல்லை. தங்கச்சிமாருக்கும்தான்.

போன வருசம் மாமாவின்ர காரில முறிஞ்சது முன்சில்லுப் பக்கத்து ஏபிஎஸ் சென்சரைப் பிடிக்கிற எம்8. ஈயூ-கொன்ட்ரோலுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. திகதி தப்பினால் காரை றோட்டில ஓட ஏலாது. மாமா உடனே சொன்னார், "தம்பி, அந்த எக்ஸ்ராக்டரை எடு, அஞ்சு நிமிச வேலை." நான் சொன்னன், "மாமா, ஒருக்காப் பொறுங்கோ. முதல்ல தேத்தண்ணி குடிப்பம்."

தேத்தண்ணி பகிடி இல்லை. முறிஞ்ச போல்ட்டின்ர விலை சில குறோணர். அது இருக்கிற பாகத்தின்ர விலை ஆயிரக்கணக்கில. அந்தப் பாகம் பழுதாகிறது பெரும்பாலும் போல்ட் முறியிற நேரத்தில இல்லை. அதுக்குப் பிறகு கோபத்தோட நடக்கிற அடுத்த பத்து நிமிசத்திலதான்.

முதல்ல பாக்கவேண்டியது, கட்டை வெளியில நிக்குதா, மட்டத்தோட முறிஞ்சிருக்கா எண்டது. மாமாவின்ரயில நாலு மில்லிமீற்றர் வெளியில நிண்டது. அது அதிர்ஷ்டம். தலை போனபடியால் சென்சரையும் உருவி எடுக்கக்கூடியதாக இருந்தது. கம்பித் தூரிகையால கறளைத் தட்டி, ஊடுருவும் எண்ணெய் அடிச்சு, இரவு முழுக்க விட்டம். அப்பாமாரின்ர காலத்தில இதுக்கு மண்ணெண்ணெய் ஊத்தி வைப்பினம். அதுவும் ஓரளவு வேலை செய்யும், ஆனால் இப்ப வாற எண்ணெயள் திறம்.

அடுத்த நாள் சூடு. காஸ் டோர்ச்சால போல்ட்டை இல்லை, அதைச் சுத்தியிருக்கிற இரும்பைச் சூடாக்கவேண்டும். எட்டு மில்லிமீற்றர் துளை 300 பாகை கூடச் சூடானால் 0.03 மில்லிமீற்றர் அளவில விரியும். தலைமயிரின்ர தடிப்பில அரைவாசி கூட இல்லை, ஆனால் கறளின்ர பிடியை உடைக்க அது காணும். பிறகு பூட்டுக் குறட்டால பிடிச்சு, முதல்ல கொஞ்சம் இறுக்கிற பக்கம், பிறகு கழட்டிற பக்கம், திரும்ப இறுக்கிற பக்கம். ஒரே பக்கம் முறுக்கினால் கட்டையும் முறியும். மூன்றாம் முறை சூடாக்கினபிறகு கீச்செண்டு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு நான் காசு குடுத்தும் கேப்பன்.

நெருப்பு விசயத்தில பகிடி வேண்டாம். நிலக்கீழ் கராஜில வேண்டவே வேண்டாம், வெளியில செய்யுங்கோ. பிறேக் குழாய், றப்பர், பெற்றோல் குழாய் பக்கத்தில இருந்தால் சூடு இல்லை. குளோரின் கலந்த பிறேக் கிளீனர் அடிச்ச இடத்தில நெருப்போ வெல்டிங்கோ பட்டால் பொஸ்ஜீன் வாயு வரலாம். முதலாம் உலகப் போரில ஆக்களைக் கொல்லப் பாவிச்ச அதே வாயு.

வெல்டிங் தெரிஞ்ச ஆள் இருந்தால், கட்டைக்கு மேல ஒரு நட்டை வைச்சு உள்பக்கத்தால ஒட்டுறதுதான் என்னைக் கேட்டால் முதல்தரம். சூடு நேராகப் போல்ட்டுக்குள்ள போகும், ஆறும்போது அது சுருங்கும், ஸ்பனர் போடப் புதுத் தலையும் கிடைக்கும்.

மட்டத்தோட முறிஞ்சால் துளைக்கத்தான் வேண்டும். இங்க முழு வேலையும் நடுப்புள்ளியில இருக்கு. முறிஞ்ச முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும், ட்ரில் வழுக்கி ஒரு பக்கம் போகப் பாக்கும். அரத்தால மட்டமாக்கி, சென்டர் பஞ்சால அடையாளம் குத்தி, மூன்று மில்லிமீற்றரில தொடங்குங்கோ. மெதுவான வேகம், எண்ணெய், பொறுமை. இடப்பக்கம் சுழல்கிற ட்ரில் பிட் கிடைச்சால் வாங்குங்கோ. துளைக்கேக்கயே சிலவேளை கட்டை தானாகக் கழண்டு வரும். வராவிட்டால் எம்8க்குக் கடைசி அளவு 6.8. சரியான நடுவில போயிருந்தால் புரிக்குள்ள மெல்லிய கம்பிச்சுருள்தான் மிஞ்சும், ஊசியால கிண்டி எடுக்கலாம். அரை மில்லிமீற்றர் விலகினாலே ஒரு பக்கத்துப் புரி போய்விடும். அப்பவும் ஹெலிகொயில் எண்ட கம்பிச்சுருள் போட்டுப் புதுப் புரி செய்யலாம்.

மாமா கேட்ட எக்ஸ்ராக்டருக்கு வாறன். அது கடும் உருக்கு. கடுமையாக இருக்கிறது நொறுங்கும். கறளில ஒட்டின கட்டைக்குள்ள அதைப் போட்டு முறுக்கினால் அது உள்ளுக்கை முறியும். பிறகு உங்களிட்ட இருக்கிற சாதாரண ட்ரில் பிட் அதைச் சுரண்டக்கூட மாட்டாது. சூடும் எண்ணெயும் பிடியை உடைச்ச பிறகு பாவிக்கிற சாமான் அது.

முறிஞ்சது பிறேக் கலிப்பரைத் தாங்கிற போல்ட்டாக இருந்தால், அல்லது ஸ்டியரிங்கோட சேர்ந்ததாக இருந்தால், காரை அசைக்காமல் வெர்க்ஸ்டெட்டுக்கு ஏத்தி அனுப்புங்கோ. அதுக்குள்ள போற பிள்ளையளை நினைச்சால் இழுவைக்காசு பெரிசில்லை.

கட்டை வந்தபிறகு புது போல்ட். பெட்டிக்குள்ள கிடக்கிற ஏதோ ஒண்டு வேண்டாம். தலையில இருக்கிற இலக்கத்தைப் பாருங்கோ, 8.8 இருந்த இடத்துக்கு 8.8, 10.9 இருந்த இடத்துக்கு 10.9. "கறள் பிடிக்காது" எண்டு எவர்சில்வர் போல்ட் போடுற ஆக்களும் இருக்கினம். வழமையாகக் கிடைக்கிற ஏ2-70 வகை 8.8ஐ விடப் பலம் குறைவு, இறுக்கேக்க புரி பிடிச்சுக்கொள்ளவும் கூடும்.

நோர்வேக்கு இது சின்ன விசயமில்லை. 1989 செப்டம்பர் 8, ஒஸ்லோ ஃபோர்ணபுவில இருந்து ஹம்பேர்க்குக்குப் போன பார்ட்ணயர் நிறுவனத்தின்ர கொன்வேர் 580 விமானம் டென்மார்க் கரைக்கு அப்பால கடலில விழுந்து 55 பேரும் இறந்தினம். வாலில நிக்கிற செட்டையை உடம்போட பிணைச்ச ஊசிகளிலும் உறைகளிலும் அசல் இல்லாத, உரிய கடினம் இல்லாத பாகங்கள் இருந்ததை விசாரணையில கண்டுபிடிச்சினம். பாக்கிறதுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்திருக்கும்.

புதுசு போடேக்க புரியைத் துப்பரவாக்கி, செராமிக் பேஸ்ட் கொஞ்சமாகப் பூசுங்கோ. சென்சர் பக்கத்தில செப்புக் கிறீஸ் வேண்டாம். பேஸ்ட் பூசினால் உரசல் குறையும், அதே முறுக்குக்குப் போல்ட் கூட நீளும். புத்தகம் காய்ஞ்ச புரிக்குத்தான் அளவு தந்திருந்தால் கொஞ்சம் குறைச்சு இறுக்குங்கோ. டோர்க் ஸ்பனர் இல்லாத ஆக்கள் கேளுங்கோ, என்ர சும்மாதான் கிடக்கு.

மாமாவின்ர கார் கொன்ட்ரோல் பாஸ். கட்டையை அவர் சாவிக்கொத்தில போட்டு வைச்சிருக்கிறார்.