முதியோருக்கு வீடு தேடி வரும் பராமரிப்பு: தரத்தை அளப்பது எப்படி?

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில், மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது மறையூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ள இவ்வூர் சந்தனக் காடுகளுக்கும் கரும்பு வெல்லத்திற்கும் பெயர் பெற்றது. மறையூர் வெல்லம் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ் பேசுவோரும், மலையாளம் பேசுவோரும், முதுவர் முதலிய பழங்குடி மக்களும் இங்கு அருகருகே வாழ்கின்றனர். "குடி" என வழங்கும் பழங்குடிக் குடியிருப்புகள் பல, பெருஞ்சாலையிலிருந்து விலகி மலைச்சரிவுகளில் உள்ளன. ஓரளவு தொலைவு வரை ஜீப்பு செல்லும். அதற்கு மேல் நடைதான்.

இத்தகைய பகுதியில் படுக்கையில் வீழ்ந்த முதியவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது எளிதன்று. பராமரிப்புதான் அவரைத் தேடி வர வேண்டும். அவ்வாறு வரும் பராமரிப்பு நல்ல முறையில் அமைந்துள்ளதா என்பதை எவ்வாறு அறிவது? இக்கேள்வி மறையூருக்கு மட்டும் உரியதன்று. மலைப்பகுதிகள் அனைத்திற்கும் உரியது.

கேரளத்தின் அனுபவம்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 8.6 விழுக்காட்டினர். கேரளத்தில் இவ்விகிதம் 12.6 விழுக்காடு. முதியோர் பெருகும் நிலையை நாட்டில் முதலில் எதிர்கொண்ட மாநிலங்களுள் கேரளம் முன்னிற்கிறது.

கோழிக்கோட்டில் 1993-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கம், தீராத நோயாளிகளின் துன்பத்தைத் தணிக்கும் பணியில் ஈடுபட்டது. பின்னர் மலப்புரம் முதலிய மாவட்டங்களில் உள்ளூர்த் தொண்டர்கள் இப்பணியைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். 2008-ஆம் ஆண்டு கேரள அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வெளியிட்டது. இந்தியாவில் இவ்வாறு கொள்கை வகுத்த முதல் மாநிலம் அதுவே. அதனைத் தொடர்ந்து கிராம ஊராட்சிகள் ஆரம்ப சுகாதார நிலையங்களின் துணையுடன் வீடுகளுக்குச் சென்று பராமரிக்கும் பணியை மேற்கொண்டன. பயிற்சி பெற்ற செவிலியர் வீட்டுக்கு வருகிறார்; புண்களுக்கு மருந்திட்டுக் கட்டுகிறார்; சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார்; பராமரிக்கும் முறைகளைக் குடும்பத்தாருக்குக் கற்றுத்தருகிறார். புற்றுநோயாளிகளை மையமாகக் கொண்டு தோன்றிய இச்சேவை, பக்கவாதத்தாலும் முதுமைத் தளர்ச்சியாலும் படுக்கையில் இருப்போருக்கும் விரிந்தது.

மூன்று நிலைகள்

மருத்துவச் சேவையின் தரத்தை ஆராய்ந்த அறிஞர் அவெடிஸ் டொனபீடியன், 1966-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் தரத்தை மூன்று நிலைகளில் நோக்க வேண்டும் என விளக்கினார். முதலாவது அமைப்பு: செவிலியர், வாகனம், மருந்து, கட்டுத்துணி ஆகியவை உள்ளனவா? இரண்டாவது செயல்முறை: செய்ய வேண்டியவை உரிய முறையில், உரிய காலத்தில் செய்யப்படுகின்றனவா? மூன்றாவது விளைவு: இவற்றால் முதியவரின் நிலை மேம்பட்டதா, துன்பம் குறைந்ததா?

முதல் நிலையை இருப்புப் பதிவேட்டிலிருந்து எளிதில் அறியலாம். இரண்டாம் நிலையில் எண்ணக்கூடியவை சில உண்டு. அவற்றுள் வருகைகளின் எண்ணிக்கை முதன்மையானது. மூன்றாம் நிலையைப் பதிவேட்டிலிருந்து மட்டும் அறிய இயலாது. வீட்டினுள் சென்று பார்த்தே அறிய வேண்டும். எளிதில் எண்ணக்கூடியதையே தரம் எனக் கொண்டுவிடுவது மதிப்பீட்டில் நேரும் பெரும் பிழையாகும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் இது தெளிவாகும். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த 78 வயது மூதாட்டி ஒருவர் மலைக்குடியிருப்பில் இருப்பதாகக் கொள்வோம். மாதம் ஒரு முறை வருகை என்பது திட்டம். ஆண்டில் 12 வருகைகளும் தவறாமல் நடந்துள்ளன எனப் பதிவேடு கூறுகிறது. ஆனால் மூதாட்டியின் இடுப்பின் பின்புறத்தில் ஆழமான படுக்கைப்புண் உள்ளது. பதிவேட்டின்படி சேவை முழுமையானது. மூதாட்டியின் முதுகைப் பார்த்தால் அது தோற்றுவிட்டது.

படுக்கைப்புண் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றித் தோன்றுவதில்லை. ஓரிடத்தில் தொடர்ந்து அழுத்தம் இருந்தால் அங்கு இரத்த ஓட்டம் தடைப்படுகிறது, தோலின் நிறம் மாறுகிறது, பின்னரே புண்ணாகிறது. ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது இதனைத் தவிர்க்க நெடுநாளாகக் கற்பிக்கப்படும் வழியாகும். எனவே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வந்த செவிலியர் முதுகைப் பார்த்தாரா? புரட்டும் முறையை மருமகளுக்குக் கற்றுத்தந்தாரா? மருமகள் கரும்புத் தோட்டத்திற்கு வேலைக்குச் சென்றபின் பகலில் புரட்டுவோர் யார்? இக்கடைசிக் கேள்விக்கு விடை இல்லையெனில், குறை செவிலியரிடம் இல்லை, திட்டத்தில் உள்ளது. பகல்நேரத் துணைக்கு அண்டை வீட்டாரையோ தொண்டர்களையோ ஏற்பாடு செய்வதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

விளைவை அறியும் கருவிகள்

1963-ஆம் ஆண்டு சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அளவுகோல் ஆறு அன்றாடச் செயல்களை அடிப்படையாகக் கொண்டது. குளித்தல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து அமர்தல், மலசலம் அடக்குதல், உண்ணுதல் ஆகியவையே அவை. இவற்றில் எவற்றை முதியவர் தாமே செய்கிறார் என்பதைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் குறித்து வந்தால் நிலை மாற்றம் புலப்படும். வலியைப் பூச்சியம் முதல் பத்து வரை எண்ணால் கூறச் செய்வது வழக்கம். எண்ணால் கூற இயலாதோருக்கு முகப் படங்களைக் காட்டிக் கேட்கலாம். படுக்கைப்புண், கீழே விழுதல், மருந்து தீர்ந்துபோன நாட்கள் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். பராமரிக்கும் பெண்ணின் உறக்கமும் உடல்நலமும் குறிக்கத்தக்கவையே. அவர் தளர்ந்தால் வீட்டுப் பராமரிப்பு முழுவதும் தளரும்.

கேட்கும் முறை

"சேவை நன்றாக உள்ளதா?" என்று கேட்டால், "குறையொன்றும் இல்லை" என்ற விடையே பெரும்பாலும் வரும். வீடு தேடி வந்தவரிடம் குறை கூறுவது நன்றிகெட்ட செயல் என முதியோர் எண்ணுவர். கூறினால் அடுத்த முறை வரமாட்டார்களோ என்ற அச்சமும் உண்டு. ஆகவே கருத்தைக் கேட்பதைவிட நிகழ்ந்ததைக் கேட்பது நன்று. "செவிலியர் கடைசியாக எந்நாளில் வந்தார்? நேற்றிரவு வலியால் எத்தனை முறை விழித்தீர்கள்? புண்ணை வீட்டார் எப்படிக் கழுவுகிறார்கள்? செய்து காட்டுங்கள்" எனக் கேட்கும்போது உண்மை தானே வெளிவரும். கேட்பவர் சேவை வழங்குபவராக இருத்தல் கூடாது. கேட்கும் மொழி முதியவரின் மொழியாக இருத்தல் வேண்டும். பல மொழியினர் வாழும் மறையூர் போன்ற எல்லைப் பகுதிகளில் இது சலுகையன்று. மதிப்பீடு உண்மையாவதற்கான நிபந்தனை.

கடைசி வீடு

மதிப்பீட்டுக்கு எல்லா வீடுகளுக்கும் செல்ல வேண்டுவதில்லை. ஆனால் சாலையோர வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் முடிவு பிழையாகும். ஜீப்பு நிற்கும் இடத்திற்கு அப்பால் நடந்து செல்ல வேண்டிய வீடுகளுக்கும் தேர்வில் இடம் ஒதுக்க வேண்டும். பதிவு பெற்றோரை மட்டுமன்றி, பதிவு பெறத் தகுதியிருந்தும் விடுபட்டோரையும் ஆஷா பணியாளர், ஊராட்சி உறுப்பினர், ஊர்ப் பெரியோர் ஆகியோரின் துணையுடன் தேட வேண்டும். ஒருபோதும் வந்திராத சேவையைப் பற்றி எவரும் குறை எழுதுவதில்லை.

முடிவின் பயன்

மதிப்பீடு தண்டனைக்கான கருவியாக மாறினால் பதிவேடுகள் அழகாகும், புண்கள் மறைக்கப்படும். கண்ட குறைகளைச் செவிலியருடன் அமர்ந்து ஆராய்ந்து, பயிற்சியா, வாகனமா, மருந்தா, துணையாளா, எது குறைகிறது எனப் பிரித்தறிந்து, ஊராட்சியின் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் அதற்கு இடமளிக்க வேண்டும். முதியவரின் பெயரை மறைத்து, முடிவுகளின் தொகுப்பைக் கிராம சபையில் வைப்பதும் நன்று.

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டமும் நோய்த்தணிப்புச் சேவையை வீடுகளுக்குக் கொண்டு செல்கிறது. மலையின் இருபுறமும் தேவை ஒன்றே. அளவுகோலும் ஒன்றாக இருக்கலாம். எத்தனை வீடுகளுக்குச் சென்றோம் என்பது கணக்கின் தொடக்கம். சென்று திரும்பியபின் அவ்வீட்டு முதியவர் வலியின்றி உறங்கினாரா என்பதே கணக்கின் முடிவு.