குறள் எண்ணும் பதிப்பும்

திருக்குறள் 133 அதிகாரங்களையும் 1330 குறட்பாக்களையும் உடையது. அறத்துப்பாலில் 38, பொருட்பாலில் 70, காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள் உள்ளன. திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, கன்னியாகுமரிக் கடற்பாறையில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையும் இக்கணக்கையே காட்டுகிறது. அதன் 38 அடிப் பீடம் அறத்துப்பாலையும், 95 அடி உருவம் ஏனைய இரு பால்களையும் குறிக்கும்.

ஓர் அதிகாரத்திற்குப் பத்துக் குறள்கள் என்பதால், குறள் எண்ணிலிருந்து அதிகார எண்ணை எளிதில் அறியலாம். 391ஐப் பத்தால் வகுத்தால் ஈவு 39, மீதி 1. எனவே அது அடுத்ததாகிய 40ஆம் அதிகாரத்தின் (கல்வி) முதற்குறள். மீதி இல்லையெனில் ஈவே அதிகார எண்ணாகும். 400ஆம் குறள் அதே அதிகாரத்தின் பத்தாம் குறள்.

ஆயினும், இக்கணக்கு எல்லாப் பதிப்புகளுக்கும் பொருந்துவதில்லை. இன்று பெரிதும் வழங்கும் எண்கள் பரிமேலழகர் கொண்ட வரிசையைத் தழுவியவை. அவருக்கு முற்பட்ட மணக்குடவர் உரையில் அறத்துப்பால் அதிகாரங்கள் சிலவற்றின் வரிசை வேறுபடுகிறது. அதிகாரத்தினுள் குறள்கள் நிற்கும் வரிசையும் உரைதோறும் மாறுவதுண்டு. ஏட்டுச்சுவடி வழியாகப் பல நூற்றாண்டுகள் வந்த நூலுக்கு இது வியப்பன்று. மணக்குடவர் உரையின் அறத்துப்பாலை வ. உ. சிதம்பரனார் 1917இல் பதிப்பித்தார்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. பொருட்பாலைத் தனிநூலாக அச்சிடுவோர் அதிகாரங்களை ஒன்றிலிருந்து எண்ணக்கூடும். அங்கே 'கல்வி' இரண்டாம் அதிகாரம். முழுநூலில் அது 40. தனிநூல் எண்ணுடன் 38ஐக் கூட்டினால் முழுநூல் எண் கிடைக்கும்.

திருவனந்தபுரத்து மாணவி ஒருத்தி தன் கட்டுரையில் 'அதிகாரம் 2' என்று மட்டும் எழுதினால், முழுநூலைப் புரட்டும் தோழி 'வான்சிறப்பு' அதிகாரத்தையே காண்பாள். மேற்கோள் பொய்யன்று, ஆனால் அதனைச் சரிபார்க்க வழியில்லை. மலையாள மொழிபெயர்ப்புடன் ஒப்பிட விரும்பும் வகுப்புத் தோழர்க்கும் அதே இடர்ப்பாடு நேரும். பிறர் தேடிக் காண இயலும் மேற்கோளே சான்றாகும்.

ஆகவே மேற்கோள் காட்டுவோர் அதிகாரப் பெயர், குறளின் முதலிரு சீர்கள், குறள் எண், உரையாசிரியர் அல்லது பதிப்பு ஆகிய நான்கையும் தருதல் வேண்டும். எண் மாறினும் பெயரும் சீர்களும் வழிகாட்டும். நூலின் இறுதியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருப்பின், முதற்சீரைக் கொண்டே குறளைக் கண்டறியலாம்.

அருஞ்சொற்பொருள்
ஈவு – வகுத்து வரும் எண்
சீர் – செய்யுள் அடியின் உறுப்பு
முதற்குறிப்பு – பாட்டின் தொடக்கச் சொல்

பயிற்சி
1. 50, 783 ஆகிய குறள்கள் எந்த அதிகாரங்களில் எத்தனையாவதாக அமையும்? கணக்கிடுக.
2. தனிநூலாக அமைந்த காமத்துப்பாலின் 5ஆம் அதிகாரம் முழுநூலில் எத்தனையாவது?
3. பள்ளி நூலகத்தில் இரு உரைநூல்களை எடுத்து, ஓர் அதிகாரத்தின் குறள் வரிசையை ஒப்பிட்டு அட்டவணை இடுக.
4. விரும்பிய குறள் ஒன்றிற்கு மேற்கோள் குறிப்பு எழுதுக. எண்ணை மறைத்து, தோழரிடம் தந்து, குறளைக் கண்டறியச் செய்க.