பதக்கமும் பயனும்

கல்வி கற்பார் பலர். அவருள் தேர்வில் வெற்றி பெறுவார் சிலர். அச்சிலருள்ளும் முதன்மை எய்திப் பரிசும் பதக்கமும் ஏற்பார் மிகச் சிலரேயாவர். எக்கல்வியிலும் இச்சிறப்பு அரிதே. எனினும், மருத்துவக் கல்வியிற் பெறும் சிறப்புக்குத் தனியே ஒரு பொறுப்பு உண்டு. கணக்கிற் பிழை செய்த மாணவன் மதிப்பெண்ணை இழப்பான். மருத்துவத்திற் பிழை நேர்ந்தாலோ பிறிதோர் உயிருக்கு ஊறு விளையும். ஆதலின், மருத்துவ மாணவர் பெறும் பதக்கத்தின் மதிப்பை அவரிடம் வரும் நோயாளரை வைத்தே அளத்தல் வேண்டும். இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்தவர் மேரி சார்லீப் அம்மையார்.

அம்மையார் பிறந்தது இங்கிலாந்து நாட்டில். அவர்தம் கணவர் சென்னையில் வழக்கறிஞராய்த் தொழில் நடத்த வந்தபோது, 1866-ஆம் ஆண்டில் அவரும் உடன் வந்தார். கணவருக்குச் சட்டப் பணிகளில் துணை செய்தும் இல்லறம் பேணியும் வாழ்ந்த அவர் செவியில், இந்நாட்டுப் பெண்டிர் படும் துன்பம் பற்றிய செய்திகள் விழுந்தன. அக்காலத்தில் ‘கோஷா’ முறையில் வாழ்ந்த மகளிர் பிற ஆடவர் கண்ணிற் படுதல் ஆகாது. அதனால், நோய் எவ்வளவு கொடியதாயினும் அவர்கள் ஆண் மருத்துவரை நாடாதிருந்தனர். பெண் மருத்துவரோ இலர். மகப்பேற்றின்போது தக்க உதவியின்றித் தாயும் சேயும் மடிந்த வீடுகள் பல. இதனைக் கேட்ட அம்மையார் இரங்கியதோடு அமையவில்லை. ‘இத்துன்பத்தைத் தீர்க்கும் கல்வியை நானே கற்பேன்’ என்று உறுதி பூண்டார்.

முதற்கண் அவர் மகப்பேற்று மருத்துவமனை ஒன்றிற் பயிற்சி பெற்றார். அங்குக் கற்றது போதாதென்பது அவருக்கு விரைவிலேயே விளங்கிற்று. அந்நாளில் மருத்துவத் துறைத் தலைவராயிருந்த பால்பர் என்பார், பெண்களும் மருத்துவம் கற்றல் வேண்டும் என்னும் கருத்தினர். அவருடைய முயற்சியால் 1875-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் வாயில் மகளிர்க்குத் திறந்தது. முதலிற் சேர்ந்த பெண்கள் நால்வர். அவருள் ஒருவர் சார்லீப் அம்மையார். அப்பொழுது அவர் குழந்தைகளுக்குத் தாயுமாவார்.

வாயில் திறந்ததேயன்றி எல்லோர் மனமும் திறக்கவில்லை. ‘நீங்கள் நோயாளர் கூடங்களில் நடந்து செல்வதை நான் தடுக்க இயலாது, ஆனால், உங்களுக்குக் கற்பிக்கமாட்டேன்’ என்னும் கருத்துப்பட ஆசிரியர் ஒருவர் கூறிவிட்டார். மாணவர்களே, இவ்விடத்திற் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். கற்பிக்கவேண்டியவரே கைவிரித்தால் கற்பார் நிலை என்னாகும்? சினந்து வெளியேறுதல் எளிது. சோர்ந்து படிப்பை விடுதல் அதனினும் எளிது. அம்மையாரோ நடந்து செல்லக் கிடைத்த உரிமையைப் பற்றிக்கொண்டார். நோயாளர் படுக்கைதோறும் சென்றார், கண்ணாற் கண்டார், நூல்களோடு ஒப்பிட்டுத் தெளிந்தார். மூன்றாண்டுப் படிப்பை முடித்து, 1878-ஆம் ஆண்டில் மருத்துவத் தொழில் புரிதற்குரிய சான்று பெற்றார்.

இத்துடன் நிறைவுற்றிருந்தால் அவரைக் குறை கூறுவார் எவருமிலர். எனினும், முழுமையான பட்டக் கல்வி பெற்றாலன்றித் தம் நோக்கம் நிறைவேறாதென அவர் உணர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்கும் பட்டம் வழங்க இசைந்தது அதே 1878-ஆம் ஆண்டில்தான். அம்மையார் இலண்டன் சென்று, மகளிர் மருத்துவப் பள்ளியில் மீண்டும் மாணவியாக அமர்ந்தார். 1882-ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டத்தை முதன்முதற் பெற்ற பெண்கள் இருவர். அவருள் ஒருவரான அம்மையார், மகப்பேற்று மருத்துவத்திற் பொற்பதக்கமும் வென்றார். எத்துறையில் உதவியின்றி மகளிர் மடிந்தனரோ, அத்துறையிலேயே அவர் முதன்மை பெற்றார் என்பது கருதத்தக்கது.

பதக்கம் பெற்றவர் இலண்டனிலேயே தங்கிப் பொருளீட்டவில்லை. வியன்னா நகரிற் சிலகாலம் மேற்பயிற்சி பெற்று, 1883-ஆம் ஆண்டிற் சென்னைக்குத் திரும்பினார். பெண் என்பதால் ஆசிரியர் ஒருவர் கற்பிக்க மறுத்த கல்லூரியிலேயே மகப்பேற்று மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியராய் அமர்ந்தார்! கோஷா மகளிர் அச்சமும் நாணமுமின்றி வந்து மருத்துவம் பெறுதற்கென 1885-ஆம் ஆண்டில் மருத்துவமனை ஒன்று தோன்றவும் அவர் காரணமாயினார். அதுவே இன்று திருவல்லிக்கேணியிற் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்னும் பெயரோடு தாய்மார்க்கும் சேய்களுக்கும் பணி செய்து வருகின்றது. உடல்நலம் குன்றியமையால் 1887-ஆம் ஆண்டில் அம்மையார் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் உயர் மருத்துவப் பட்டமான எம்.டி. பட்டத்தையும் பெற்றார், அப்பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. நெடுங்காலம் மருத்துவப் பணியாற்றி, 1930-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அவர் நடந்த வழியிற் பின்னர் நம் நாட்டு மகளிரும் நடந்தனர். புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1907-ஆம் ஆண்டில் அதே கல்லூரியிற் சேர்ந்து, 1912-ஆம் ஆண்டிற் சிறப்புகளுடன் தேர்ச்சி பெற்றார். இத்துணைக் கற்றும், தம் தங்கையார் புற்றுநோயால் மாண்டபொழுது அவரைக் காக்க இயலவில்லை. அத்துயரை அம்மையார் மறக்கவில்லை. அவருடைய இடையறா முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிற்று. தாம் கற்ற கல்வி எங்கே முடிந்ததோ, அங்கே பிறர் கல்வி தொடங்க அவர் வழி செய்தார்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். அந்நான்கனுள் முதலில் நின்றவன் மருத்துவன் அல்லன், நோயுற்றவனே. அவனுக்குப் பின்னரே மருத்துவனும், மருந்தும், துணை நிற்பானும் வருகின்றனர். இம்முறைவைப்பின் நுட்பத்தை மேற்கூறிய பெண்மணியர் இருவரும் தம் வாழ்வால் விளக்கினர். தமக்கு முன் நோயாளரை வைத்தே அவர்கள் கற்றனர். ஆகவே தடைகள் அவர்களைத் தளர்த்தவில்லை. வென்ற பின்னர்ப் பதக்கமும் அவர்களை மயக்கவில்லை.

மாணவர்களே, தேர்வில் முதன்மை பெற விரும்புங்கள், அவ்விருப்பம் நன்றே. ஆயினும், ‘என் கல்வியை எதிர்நோக்கித் துன்புற்றிருப்பவர் யார்?’ என்னும் வினாவை நாளும் உங்கள் நெஞ்சிற் கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வினாவுக்கு விடை காண்போர் கற்கும் கல்வி ஒருநாளும் வீண்போகாது.